வால்வு சூடேறும் வரைக்கும்

"ஏனுங்க, அந்த வால்வு செட்டு சூடேறாம பாடாதுங்களா?"

மலைமேல் செம்மேட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் இப்படிக் கேட்டதும் என் தூக்கம் போய்விட்டது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாமலே சொந்த லாரிகள் ஓட்டுகிறவன் நான். எந்தச் சாமானுக்கும் யோசனை சொல்வேன். அன்று காதை மட்டும் தீட்டிக்கொண்டேன். அவள் புருஷன் மடியில் புது ஹெட்போன் இருந்தது. அதற்கு ஆம்ப்ளிபயர் செட்டு வாங்கத்தான் இருவரும் நாமக்கல் போகிறார்கள்.

"கண்ணாடிக் குழாய் புள்ள. சுவிட்சப் போட்டா மெதுவாச் சூடேறி அப்புறந்தான் பாடும். ஆனா பாட்டு தேனாட்டம் இருக்கும்."

"டிரான்சிஸ்டர் செட்டு?"

"போட்ட ஒடனே பாடும். அந்தச் சொகம் வராது."

"கண்ணாடியத் தூக்கிட்டு இத்தன வளைவு ஏறோணுமா? டிரான்சிஸ்டரே எடுங்க."

"வால்வுதான். முடிவு பண்ணியாச்சு."

"ஹெட்போனு மாட்டிக்கிட்டா நாங் கூப்புடறது கேக்குமுங்களா?"

"பாட்டு ஓடறப்ப சுத்தமாக் கேக்காது." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

ஒரு வளைவு முழுக்க அவள் அந்த ஹெட்போனையே பார்த்தாள்.

"கரண்டு போய்ட்டு வந்தா?"

"மறுபடி சூடேறோணும்."

"நம்மூர்ல கரண்டு போய்ப் போய்த்தானுங்களே வருது?"

"ஆமா."

"அப்ப வால்வே எடுங்க. ஒவ்வொருக்காவும் அது சூடேறுற வரைக்கும் நாஞ் சொல்றதக் கேட்டுத்தானே ஆவோணும்!"

அவர் ஹெட்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டிரான்சிஸ்டரும் ஒண்ணும் மோசமில்லையாமா புள்ள."