கெட்டிமேளத்தில் அகப்பட்ட குரல்

பெயர்: முத்துச்சாமி சிவஞானம். வயது: நாற்பத்தொன்று. தொழில்: கல்யாண வீடியோ எடுத்தல். வசிப்பிடம்: பசறை வீதி, பதுளை. முறைப்பாடு: தாலி கட்டும் நேரத்தில் சாபமிட்டதாக. 1986 செப்டெம்பர் மாதம் பதுளை பொலிஸ் நிலையத்தில் தமிழில் கூறியது.

பதுளையில் கல்யாணத்தை முதன்முதலில் வீடியோ எடுத்தவன் நான். இரண்டாவது ஆள் ஸமீம். மூன்றாவது ஆள் இல்லை. ஸமீம் மீது எனக்குப் பகை எதுவும் கிடையாது. அவர் கமரா வாங்கிய நாளிலிருந்து அவரைக் கவனித்து வருகிறேன், அவ்வளவுதான்.

சென்ற வருடம் மைக் வாங்குவதற்காக நான் கொழும்புக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு மைக்குகளைக் காட்டினார். ஒன்று உருண்டையானது, நாலாபக்கத்துச் சத்தத்தையும் எடுக்கும். மற்றது நீளக் குழாய். அதைக் கன் மைக் என்றார். துப்பாக்கி போல எதை நோக்கிப் பிடிக்கிறோமோ அதை மட்டும் எடுக்கும், பக்கத்துச் சத்தத்தை விட்டுவிடும் என்றார். அதன் விலை கூட. குறைவாகக் கேட்கும் மைக்குக்குக் கூடுதலாகக் கொடுப்பானேன் என்று எண்ணி உருண்டை மைக்கை வாங்கி வந்தேன்.

அதன் பின்னர் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அழகரின் மூத்த மகள் கல்யாணத்தை அந்த மைக்கை வைத்து எடுத்தேன். அந்தக் கசெட்டில் மேளமும், அண்டாவை இழுக்கும் சத்தமும், சாம்பாரில் உப்பில்லை என்று ஒருவர் சொன்னதும் தெளிவாக உள்ளன. ஐயரின் மந்திரம் இல்லை. அழகர் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, கல்யாணத்த எடுத்தியா, சமையல எடுத்தியா?" என்று கேட்டார்.

அதன் பின்னர் இளைய மகள் ஜெயலெட்சுமியின் கல்யாணத்துக்கு அழகர் ஸமீமை அமர்த்தினார். எனக்கு அழைப்பிதழ் வந்தது. போனேன். நான் வேண்டாமென்று விட்டு வந்த அதே மாதிரி நீள மைக்கை ஸமீம் தன் கமராவின் மேல் வைத்து, சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டியிருந்தார். மைக்குக்குச் சாம்பல் நிறத்தில் மயிர் உறை இருந்தது. பெண்கள், "அது என்னங்க, அணிலா?" என்று ஆசையாகக் கேட்டார்கள். என் மைக்கைப் பற்றி இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. ஸமீம் என்னைக் கண்டதும், "வாங்கண்ணே, நீங்க வேணாம்னு வச்சிட்டு வந்த சாமானாம், கடைக்காரர் சொன்னாரு. புடிச்சுப் பாக்குறீங்களா?" என்றார். பிடித்தால் திருப்பிக் கொடுக்க மனம் வராது என்பதால் வேண்டாம் என்றேன்.

அதன் பின்னர் முகூர்த்த நேரத்தில் அந்த மைக்கை நேருக்கு நேர் பார்ப்பதற்காக மாப்பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றேன். கெட்டிமேளம் கொட்டினார்கள். அந்நேரம் யாராவது தும்மினாலும், அபசகுனமாகப் பேசினாலும் மணமக்கள் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் கொட்டுகிறார்கள். அந்த வழக்கத்தை நம்பி, பக்கத்தில் நின்ற லொறி டிரைவர் இராமையாவிடம் சைக்கிள் டியூபைக் காட்டி, "அவன் கட்டுன கட்டப் பாருங்க. ஒரு வருசங்கூடத் தாங்காது, அவுந்து விழுந்துரும்" என்றேன். இராமையா, "என்னாங்க?" என்றார். அவருக்கே கேட்கவில்லை.

அதன் பின்னர் கசெட் தயாரானதும் அழகர் வீட்டில் போட்டுப் பார்த்தார்கள். பெண்ணை அழைத்துப் போகப் பசறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். சத்தம் சரியாக இருக்காது என்று எண்ணி நானும் போனேன். ஐயரின் மந்திரம் கேட்டது. பெண்ணின் வளையல் சத்தமும் கேட்டது. எனக்கு வைத்த பலகாரத்தை நான் சாப்பிடவில்லை. தாலி கட்டும் இடத்தில் மேளம் அடுத்த தோட்டத்தில் கொட்டுவது போல ஒதுங்கிக் கேட்டது. படத்தில் மாப்பிள்ளை முடிச்சுப் போட, அவர் தலைக்கு மேல் என் முகம் தெரிய, மேற்படி வார்த்தைகள் ஒன்றும் விடுபடாமல் வந்தன.

மாப்பிள்ளையின் தாயார் ராசம்மா மறுபடி போடச் சொன்னார். போட்டார்கள். ஸமீம் மைக்கைக் கட்டியதைத்தான் சொன்னேன் என்றேன். "தாலி கட்டையில எவனாச்சும் மைக்கப் பாப்பானா?" என்று கேட்டார். அந்தச் சொல் கசெட்டில் இருக்கும்வரை மருமகள் பசறைக்கு வர வேண்டியதில்லை என்று சொல்லி, மகனை மட்டும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஜெயலெட்சுமி கட்டி வைத்த டிரங்குப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். அதன் பின்னர் அழகர் முறைப்பாடு செய்தார்.

இன்று இரு தரப்பையும் இங்கே அழைத்து விசாரித்தபோது ஸமீம் சார்ஜன்டிடம், "சேர், அந்த எடத்துல மட்டும் வேற மேளத்தப் பதிஞ்சு மூடிரலாம். அண்ணன் எடுத்த, பொண்ணோட அக்கா கல்யாணக் கசெட்டுல மேளம் அருமையா வுழுந்திருக்கு. அந்தக் கெட்டிமேளத்துல வேற எதுவும் கேக்காது" என்றார். மேளம் மட்டும் கேட்டால் இன்றைக்கே மருமகளை அழைத்துப் போவதாக ராசம்மா ஒப்புக்கொண்டார். அழகர் என் முகத்தைப் பார்த்தார். அவர் மகள் பசறைக்குப் போவது என் கையில் இருந்தபடியால் கசெட்டைத் தருவதாகச் சொன்னேன். என் மைக்கைப் பற்றி ஒருவர் நல்லதாகச் சொன்னது இதுவே முதல் தடவை. அதையும் ஸமீம்தான் சொன்னார்.

நான் யாரையும் சபிக்கவில்லை. சைக்கிள் டியூபைத்தான் சொன்னேன். அது இன்னும் அவிழவில்லை. வெளியே வாங்குப் பலகையில் ஸமீம் வைத்திருந்த கமராவில் சற்று முன்னும் இழுத்துப் பார்த்தேன். மேளத்தைப் பதிந்து மூடும் யோசனை எனக்கு முதலில் தோன்றவில்லை என்பதைத் தவிர இவ்விடயத்தில் எனக்கு வேறு குறை இல்லை.

மேலே எழுதியதைச் சார்ஜன்ட் எனக்கு வாசித்துக் காட்டினார். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எல்லாம் உண்மை, கூட்டவோ குறைக்கவோ ஏதுமில்லை என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) மு. சிவஞானம்