கை எடுத்தாச்சா?

பேய் என்பது எர்த் சரியாகக் கொடுக்காத வயரிங். அவ்வளவுதான். இதைச் சொன்னவன் சாதாரண ஆள் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் தன்னைக் கேட்காமல் ஒரு ஏசியும் குளிராது என்று உறுதியாக நம்பிய மெக்கானிக் வளவன். நம் மாறனுக்கு அத்தை மகன். மாறன் இங்கேதான், கதை கேட்கிற உங்களுக்கு நடுவே போர்வைக்குள் இருக்கிறான், சந்தேகம் இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் பகல் ஒன்றரை மணி. இடம் கிரிவலப் பாதை...

சிரிக்காதீர்கள். நள்ளிரவில் இந்த ஊரில் பேய் நடமாட இடமே கிடையாது. பௌர்ணமி என்றால் லட்சம் பேர் நடக்கிறார்கள். மற்ற நாளில் டீக்கடை திறந்திருக்கிறது. ஆள் இல்லாத நேரம் என்றால் கத்திரி வெயிலின் உச்சிப் பொழுதுதான். அன்று பாதையில் நாய்கூட இல்லை. இளகின தார் பைக் டயரில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம் மட்டும்... பிச்... பிச்...

அந்தப் பாதையிலேயே செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். அதன் மொட்டைமாடியில் பீரோவைப் படுக்க வைத்த அளவுக்கு ஒரு பெரிய ஏசி. கீழே தியான ஹால் முழுவதற்கும் அதுதான் காற்று. கேஸ் இறங்கிப் போய் மூன்று நாள் ஆகிவிட்டது. கண்ணை மூடி உட்கார்ந்தவர்களுக்கு வியர்வையைத் தவிர வேறொன்றும் சித்திக்கவில்லை.

வேலையில் வளவனைக் குறை சொல்ல முடியாது. மிச்சமிருந்த கேஸைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் பிடித்தான். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, கசிகிற இடத்தைக் கண்டுபிடித்தான். குழாயில் கேஸ் துளியும் இல்லை என்று பார்த்த பிறகே, ஓட்டையைப் பற்றவைக்க நெருப்பைக் கிட்டே கொண்டுபோனான். புது கேஸை எடை பார்த்து ஏற்றினான். எல்லாம் சுத்தம்.

அவன் கேலி செய்தது ஒன்றே ஒன்றைத்தான். முதலாளி பரசுராமன் போட்ட சட்டம். மெயின் சுவிட்ச் மாடிப்படி அறைக்குள் இருக்கும், அங்கிருந்து மெஷின் தெரியாது. அதனால் சுவிட்சை அணைத்துப் பூட்டு மாட்டி, சாவியை அவரவர் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பப் போடுவதற்கு முன் மூன்று முறை "கை எடுத்தாச்சா?" என்று கூப்பிட வேண்டும். கூட ஆள் இருந்தால் "எடுத்தாச்சு" என்று பதில் வந்த பிறகே போட வேண்டும். தனியாகப் போனாலும் கூப்பிட்டே ஆக வேண்டும்.

"தனியா இருக்கறப்ப யாருணா பதில் சொல்லுவாங்க?" என்று வளவன் ஒரு முறை கேட்டான்.

"யாரும் சொல்லலன்னாதான் போடணும்" என்றார் பரசுராமன்.

இந்தப் பதிலை வளவன் ஊரெல்லாம் நடித்துக் காட்டினான். ஒரு தோளைச் சாய்த்து, அவருடைய கரகரத்த குரலில். கடையில் கூட வேலை செய்யும் சரவணகுமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். பரசுராமன் எல்லா இடத்துக்கும் போவார், இந்த கெஸ்ட் ஹவுசுக்கு மட்டும் போகமாட்டார் என்பதை யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

அன்று பூட்டும் போடவில்லை. வேலை முடிந்ததும் போனைச் சுவிட்ச் பெட்டியின் மேல் சாய்த்து வைத்து வீடியோவை ஓட விட்டான். தோளைச் சாய்த்தான்.

"கை எடுத்தாச்சா?"

மாடியில் வெயில் மட்டும் இருந்தது.

"கை எடுத்தாச்சா?"

பக்கத்து ஆசிரமத்தில் ஒரு மயில் கத்தி ஓய்ந்தது.

"கை எடுத்தாச்சா?"

"...இருப்பா."

பெரிய குரல் இல்லை. ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்கிறவன் பேசுவானே... அப்படி.

வளவனுக்கு அது கேட்டது. கேட்கவில்லை என்று பிற்பாடு அவன் யாரிடமும் சொன்னதில்லை. எட்டிப் பார்க்கப் பன்னிரண்டு அடி நடந்தால் போதும். ஆனால் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. முகம் வெளுத்து எட்டிப் பார்க்கப் போனால் சரவணகுமார் அதை வைத்து ஒரு வருஷம் ஓட்டுவான். வளவன் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தான்.

போட்டான்.

ஃபேன் அரைச் சுற்று சுற்றியது. சிக்கியது. டக்... டக்... டக். பிறகு எதையோ தாண்டின மாதிரி விடுபட்டு ஓடியது.

ரப்பர் கருகுகிற வாசனை. ஃபேன் பெல்ட் தேய்ந்து எரிந்தால் வருமே, அதே நெடி. அணைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை. பெல்ட்டும் இல்லை. அது புது மாடல், ஃபேன் நேராக மோட்டாரில் மாட்டியது.

பயந்தவன் செய்கிற முதல் காரியத்தைச் செய்தான். பயப்படவில்லை என்று காட்டுவதற்காக வீடியோவை அனுப்பினான். அவசரத்தில் அது சிநேகிதர்களுக்குப் போகாமல் கடை வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது.

இருபது நிமிஷத்தில் பரசுராமன் மாடிக்கு வந்தார். செருப்பு இல்லை. கொதிக்கிற தரையில் நின்றார், கால் மாற்றவில்லை.

"கூப்ட்ட" என்றார்.

"சும்மா தமாஷுக்குணா..."

"பதில் வந்துச்சி."

வளவன் கழற்றிப் போட்ட கதவைக் கையில் எடுத்தான்.

"அப்புறமும் போட்ட."

திட்டியிருந்தால் தேவலை. அவர் இவனைப் பார்க்கவே இல்லை. மெஷினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாலு வருசம் முன்ன இதே எடத்துல பழைய மிஷினு. என் கூட்டாளி பலராமன் உள்ள கைய வுட்டு பெல்ட் மாத்திகினு இருந்தான். நான் சுவிட்சாண்ட. மூணு வாட்டி கூப்ட்டேன், பதிலே வரலன்னு போலீஸ்ல சொன்னேன். வேலூர் ஆஸ்பத்திரி போறதுக்குள்ள ரத்தம் பூரா போய்டுச்சி. அவன் வூட்டுக்காரம்மா ஆதிலட்சுமி, 'கடைசியா எதுனா சொன்னாராணா'ன்னு கேட்டாங்க. ஒண்ணும் சொல்லலம்மான்னேன்."

மெஷினின் தகரத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"'இருப்பா'ன்னு சொன்னான். கேட்டுச்சி எனக்கு. பசி வேற... இவன் எப்பவும் இழுத்துகினே இருப்பான்னு போட்டுட்டேன்."

வளவன் தரையைப் பார்த்தான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்ட பிறகும் சுவிட்சைப் போட்ட இரண்டு பேர் ஒரே மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தார்கள். அவருக்காவது பசி. இவனுக்கு, சரவணகுமார் சிரிக்க வேண்டும்.

பரசுராமன் அவனுடைய போனை வாங்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனார். ஆதிலட்சுமி இருப்பது அங்கேதான். அந்தக் குரலைப் போட்டுக் காட்டினாரா, அந்தம்மா என்ன சொன்னார், ஒருவருக்கும் தெரியாது. மறுநாள் போன் திரும்பி வந்தபோது அதில் வீடியோ இல்லை. குரூப்பிலும் இல்லை. அதற்குப் பிறகு பரசுராமன் எங்கே போனாலும் பூட்டு மட்டும் போடுகிறார். கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

ஒரு வருஷம் கழித்து, இந்தக் கத்திரியில் அதே மாடிக்கு வேலை வந்தது. "நான் போறேன்ணா" என்று வளவனே கேட்டு வாங்கிக்கொண்டு போனான். பூட்டுப் போட்டான். கேஸைச் சரி செய்தான். கதவை மூடினான். பூட்டைத் திறந்து, சுவிட்சில் கை வைத்து, யாருக்கும் கேட்காத குரலில் மூன்று முறை கூப்பிட்டான்.

மூன்று மணிக்கு மேனேஜர் பத்மஜா மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தபோது, அவன் மெஷினுக்குப் பக்கத்தில் வெயிலில் குந்தியிருந்தான்.

"ஏன் தம்பி, முடிஞ்சுதுன்னீங்களே. ஹால்ல எல்லாரும் வேகறாங்க."

"என் வேலை முடிஞ்சிடுச்சி மேடம்."

"அப்புறம் என்ன?"

"உள்ள ஆள் வேலை செய்றாரு."

அந்தம்மா மெஷினைப் பார்த்தார். நாலு பக்கமும் ஸ்க்ரூ போட்டு மூடியிருந்தது. சிரிப்பதா என்று யோசித்தார். வளவனின் முகத்தைப் பார்த்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

வளவன் சுடுகிற தகரத்துக்கிட்டே வாயை வைத்து, மெதுவாக, இன்னொரு முறை கேட்டான்.

"...இருப்பா."

"பொறுமையா செய்ங்கணா. அவசரம் ஒண்ணும் இல்ல."

காதை வைத்துக் கேட்டான். உள்ளே ஸ்பேனர் திருகுகிற சத்தம்... நிதானமாக... ஒன்று முடிந்து இன்னொன்று. இறுக்குகிற சத்தம் இல்லை அது.

கதவை உள்ளேயிருந்து கழற்றுகிற சத்தம்.