மெழுகு வைத்த கிடார்

கிழக்கேகோட்டையிலிருந்து கழக்கூட்டம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தம்பதி. கணவரின் மடியில் நீளமான கிடார் பை. என் கையில் ஒரு கனத்த புத்தகம். ஒட்டுக்கேட்க அதைப்போல உதவும் நூல் வேறில்லை.

"கிடாருக்குப் போய் யாராவது மெழுகு வைப்பாளோ?" என்று அந்த அம்மாள் கேட்டதும் நான் பக்கம் புரட்டுவதை நிறுத்தினேன்.

"செகண்ட் ஹேண்ட்ல எலக்ட்ரிக் கிடார் வாங்கியிருக்கேன், கம்பி உரசறது, சரி பண்ணிண்டு வாப்பான்னு உம் பொண்ணுதானே கொடுத்தா?"

"கிடார் கடையில கொடுக்கச் சொன்னா. நீங்க நம்ம தெருக்கோடி வீணை ரிப்பேர்காரர்ட்ட கொடுத்தேள்."

"அவரும் கம்பி வாத்யம்தானே பார்க்கறார். கழுத்துல குறுக்கே இருந்த மெட்டுக் கம்பியெல்லாம் பிடுங்கிட்டு, வீணைக்கு வைக்கறாப்லயே மெழுகுல பதிச்சுக் கொடுத்துட்டார். இப்போ சுருதி சுத்தம், கேட்டோ."

"நாலு மணிக்கு ஆபீஸ்ல ஓணம் ப்ரோக்ராம். முதல் தடவையா மேடை ஏறப் போறா. மெழுகுன்னு அவள்ட்ட சொன்னேளா?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"இருக்கும், இருக்கும்."

மத்தியான வெயிலில் பஸ் தகித்துக்கொண்டிருந்தது. அவர் பையின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். பிறகு அந்த விரலை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டார். செல்போன் அடித்தது. மகள்தான்.

"எல்லாம் ஆச்சும்மா. பேஷா இருக்கு. தோ வந்துண்டே இருக்கோம்." சற்று யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மேடையில ஏ.சி. உண்டல்லோ?"