யாருக்கும் இல்லை என்ற வீடு

அசோக் நகரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தவன், கால் வலித்ததால் திருவான்மியூர் பேருந்தில் ஏறினேன். முன் இருக்கையில் காலி மீன்கூடையோடு ஒரு பெண், பக்கத்திலிருந்த தங்கையிடம் கத்தினாள்.

“நெஜத்த சொன்ன என் ரத்தம்தான் கெட்ட ரத்தமா?”

“மெதுவா பேசுக்கா.”

“இன்னாத்துக்கு? ஆஸ்பத்திரிப் பொண்ணு வூடு வூடா கணக்கெடுக்க வந்து, குடும்பத்துல யாருக்காச்சும் ஃபிட்ஸ் கீதா, ஆமாவா இல்லியான்னு கேட்டுச்சு. நான் எங்க அண்ணன சொன்னேன். நாத்தனா அவ பொண்ணுக்கு மாப்ள பாக்குறாள்ல, அதான் யாருக்கும் இல்லன்னுட்டா. அவ அப்பன், என் மாமனாரு, கடல்ல வுழுந்ததே ஃபிட்ஸ்லதான்!”

“இப்ப இன்னா?”

“இந்த நோய் பரம்பரைன்னு கணக்கு வந்துச்சாம். என் புள்ளைக்கு ஃபிட்ஸ் என்னாலதான் வந்துச்சாம். அவன கூட்டிக்கினு வெளிய போங்குறான் என் வூட்டுக்காரன்.”

“அந்த ஆஸ்பத்திரிப் பொண்ண கேக்க வேண்டியதுதான?”

“கேட்டேன். ‘அது எல்லா குடும்பத்தயும் சேத்துப் போட்ட கணக்கும்மா, உங்க புள்ளைக்கு யாரால வந்துச்சுன்னு சொல்லாது’ன்னுது. நாத்தனா பொய்யும் அதுல சேத்திதான!”

அடையாற்றில் இருவரும் இறங்கினார்கள்.

மறுநாள் காலை திருவான்மியூரில் ஓர் ஓட்டலில் அடுப்படி வேலை கேட்டேன். “நெருப்புகிட்ட வேலை. உனக்கோ வீட்ல யாருக்காச்சுமோ ஃபிட்ஸ் உண்டா? பரம்பரையா வருமாமே” என்றார் முதலாளி. ஃபிட்ஸ் வரும் என் தம்பியை நினைத்துக்கொண்டே இல்லை என்றேன். வேலை கிடைத்தது.