மீன் கூடை தாண்டாத நிலைப்படி

டமார். கடைத்தெரு முழுக்க ஓடுகிறது. பத்து எண்ணுவதற்குள் இன்னொரு டமார். "கப்பல்லேர்ந்து சுடுறான், உள்ள போங்க!" என்று யாரோ கத்துகிறார்கள்.

1971 டிசம்பர். பாகிஸ்தானோடு போர். காரைக்கால் கடலில் எதிரிக் கப்பல் நிற்கிறது என்று காலையிலிருந்தே பேச்சு. மணி நாலு.

உள்ளே என்றால் எங்கள் கிட்டங்கி. பிரெஞ்சுக்காரன் காலத்தில் கப்பலுக்கு ஏற்றும் நெல்லை அடுக்கி வைக்கக் கட்டியது. இரண்டு முழம் கனத்த சுவர். அப்போது அதில் ஜவுளி மூட்டைகள். கதவு என் பொறுப்பு. முதலாளி சொன்னது ஒன்றே ஒன்று: மீன் கூடை நிலைப்படி தாண்டக் கூடாது. பட்டில் வாடை ஏறினால் கல்யாண வீட்டார் தொடமாட்டார்கள்.

தெருவே உள்ளே புகுந்துவிட்டது. தேக்குக் கதவைத் தள்ளுகிறேன். கடைசியாகச் செல்லம்மா ஓடி வருகிறாள். பட்டினச்சேரியிலிருந்து தினமும் மீன் விற்க வருபவள்.

"கூடைய வெளியில வச்சுட்டு வா!"

"பாதி மீன் அப்படியே இருக்குண்ணே, சாத்தாதீங்க!"

கூடையை இறக்கி உள்ளே நகர்த்தினாள். காலால் வெளியே தள்ளினேன். மூன்றாவது டமார். கதவை அறைந்து சாத்தினேன். நெறுக்கென்று ஒரு சத்தம். நிலையைப் பிடித்திருந்த அவள் கையை நான் பார்க்கவில்லை என்று பல வருஷம் சொல்லித் திரிந்தேன். பொய். பார்த்தேன். அலறியதும் கொஞ்சம் திறந்தேன். கை வெளியே போனது. மறுபடி சாத்தித் தாழ் போட்டேன்.

கால் மணி கழித்துத் திறந்தோம். தெருவில் ஒரு பாடை போகிறது. நிறைந்த வயசுச் சாவு, வேட்டுப் போட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான் போர். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கங்கெட்டவன், நானும் சிரித்தேன். படிக்குக் கீழே செல்லம்மா வலக்கையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, இடக்கையால் மண்ணிலிருந்து மீன் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஜவுளி நொடித்தது. கொஞ்ச காலம் அங்கே சிங்கப்பூர்ச் சாமான் விற்றார்கள். எண்பத்தைந்தில் அதே கிட்டங்கியில் ஐஸ் கொட்டி மீன் அடுக்கினார்கள். வேலைக்கு நின்றதும் நான்தான். கதவும் அதேதான். ஒருநாள் செல்லம்மா மீன் எடுக்க வந்தாள். நிலைப்படிக்கு வெளியே நின்றாள்.

"உள்ள வாம்மா" என்றேன்.

"கூடை இருக்குண்ணே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்தப் போரில் எங்கள் கிட்டங்கியில் உயிர்ச்சேதம் இல்லை. ஒரு புடவைகூடப் பாழாகவில்லை. போனது அரைக் கூடை மீன். செல்லம்மாவின் வலக்கையில் இரண்டு விரல்.