வசனம் இல்லாத வேடம்

மார்ச் பதினான்காம் தேதி, மாலை ஆறு நாற்பது. கல்லூரியின் பின்பக்கச் சாலையில் விளக்குகள் எரியவில்லை. அந்தச் சாலை நாடக அரங்கில் போய் முடிகிறது.

என் சிநேகிதியின் பெரியப்பா மகள் அதில் தனியாக நடந்து போனாள். எங்களுக்கும் அவள் அக்காதான். நாடகத் துறையில் கடைசி ஆண்டு. ஒரு நவீன நாடகத்தைப் படித்துக் கட்டுரை எழுத வேண்டும், பிறகு அதையே மேடையேற்ற வேண்டும். போன வருடம் தோற்றிருந்தாள். இன்னொரு தடவை தோற்றால் துறையில் இடம் கிடையாது.

நாடகத்தில் மூன்று பேர். கணவன், மனைவி, ஒரு கிழவர். கிழவருக்கு வசனமே இல்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். பேச்சில்லாத வேடத்துக்கு ஒத்திகை எதற்கு, ஆள் கடைசி நாள் வந்தால் போதும் என்று அக்கா நினைத்தாள். இரண்டு மாதமும் காலி நாற்காலியை வைத்தே ஒத்திகை நடந்தது.

கிழவராக உட்கார வருவதாகச் சொன்னவன் அன்று வரவில்லை. போனில் கேட்டதற்கு, "சும்மா உட்கார நான் எதுக்குக்கா? ஒரு மூட்டையை வை," என்றான். சிரிக்காதீர்கள். ஒரு பாத்திரம் குறைந்தாலும் தேர்வு செல்லாது என்பது அந்தத் துறையின் விதி.

ஏழு மணி. வெளித் தேர்வாளர் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். ஆனது ஆகட்டும் என்று ஆரம்பித்தார்கள். அக்கா பக்கத் திரைக்குப் பின்னால், பிரதியும் சின்ன டார்ச்சுமாக நின்றாள். மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை.

முதல் மௌனம் வந்தது. ஐந்து நொடி என்று குறித்து வைத்திருந்தாள்.

நாற்காலி கிறீச்சிட்டது... ஈரச் சுண்ணாம்பு வாடை... அவள் எட்டிப் பார்க்கவில்லை.

கணவன் அடுத்த வசனத்தை மனைவியிடம் சொல்ல வேண்டும். நாற்காலியிடம் சொன்னான். சொல்லிவிட்டுக் காத்திருந்தான். யாரோ மூச்சு இழுத்தார்கள்... மூக்கடைத்த மூச்சு. இரண்டாவது மௌனம் நாற்பது நொடி நீண்டது. அக்கா வசனத்தை எடுத்துக் கொடுத்தாள். மேடையில் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

நாடகம் முடிந்து அரங்க விளக்கு வந்தபோது நாற்காலி காலி. நடித்த இருவரும் தண்ணீர் கேட்டார்கள்.

தேர்வாளர் படிவத்தோடு வந்தார். "கிழவர்தாம்மா நாடகத்தைத் தூக்கி நிறுத்தினார். யார் அவர்? பேர் எழுதணும்."

ஆள் இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் தேர்வு போச்சு.

"எங்க அப்பா சார்," என்றாள் அக்கா. வாயில் வந்தது அதுதான்.

"வீட்லயும் இப்படித்தானா? அதிகம் பேச மாட்டாரோ?"

"பேசவே மாட்டார் சார்."

அவர் எழுதிக்கொண்டார். அக்கா கையெழுத்துப் போட்டாள்.

அக்காவின் அப்பா, அதாவது என் சிநேகிதியின் பெரியப்பா, பேருந்து நடத்துநர். தூக்கத்தில்கூட நிறுத்தங்களின் பெயரைக் கூவுகிறவர். அன்று எட்டு மணி வண்டியில் விசில் மட்டும் ஊதினார், ஒரு நிறுத்தத்தின் பெயரும் சொல்லவில்லை என்று ஓட்டுநர் பிறகு சொன்னார்.

அக்கா அறுபத்தெட்டு மதிப்பெண்ணில் தேறினாள். இப்போது ஒரு பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுக்கிறாள். பெரியப்பா பேசி ஆறு வருடம் ஆகிறது. தொண்டையில் கோளாறு எதுவும் இல்லை என்று மூன்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.