எட்டாம் மாடி ஜன்னலில் இரண்டு மெழுகுதிரிகள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள் மகள். கதிரையை இழுத்துப் போடுங்கள். இந்த அறையில் சூடு சுவரோரத்தில்தான் வருகிறது, வாசல் பக்கம் இருந்தால் கால் விறைத்துப்போகும். தேத்தண்ணீர் பரவாயில்லை, பால் கொஞ்சம் கூடிவிட்டது, அவ்வளவுதான். நான் சொல்வதை அந்தப் பொலிஸ் அதிகாரிக்கு ஆங்கிலத்தில் சொல்லத்தானே உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவசரப்படாமல் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன். பெரிய கதை இல்லை. ஆனால் தொடக்கத்திலிருந்து கேட்டால்தான் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது விளங்கும்.

என் பெயர் அருள்நாயகி, சொந்த இடம் மன்னார். இந்த நகரத்தில், சென் ஜேம்ஸ் ரவுண் என்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில் எட்டாம் மாடியில் இருக்கிறேன். பிள்ளைகள் இல்லை. கணவர் இறந்தபிறகு அந்த வீட்டில் ஃபிரிட்ஜின் சத்தமும் நானும்தான். மாரிகாலத்தில் பின்னேரமே இருட்டிவிடும். அந்த நேரத்தில் எனக்கு ஒரு பயம் வரும். கள்ளன் பயம் இல்லை, பேய்ப் பயம் இல்லை. நான் இருக்கிறேன் என்பது யாருக்கும் தெரியாமலே நான் இல்லாமல் போய்விடுவேன் என்கிற பயம். அது வந்தால் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு நடு வீட்டில் நிற்பேன்.

கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று எதிர்வீட்டுக்காரி கதவைத் தட்டினார். கையில் ஏலக்காய் போட்டு வெதுப்பின பணிஸ், துணியால் மூடியபடி. அவர்தான் ஐலி. பின்லாந்துக்காரி, தனி ஆள், என்னிலும் மூத்தவர். ஒன்றும் பேசாமல் என்னோடு இருந்துவிட்டுப் போனார். அந்த நாட்டு ஆட்கள் அப்படித்தான், வாய் திறக்காமலே துக்கம் விசாரிப்பார்கள். அதன்பிறகு அவர் வீட்டுத் திறப்பு என்னிடம், என் வீட்டுத் திறப்பு அவரிடம். இரண்டு பேருக்கும் அரைகுறை ஆங்கிலம். அது போதும்.

பின்பு ஐலி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். குளிக்கவார்த்தது, சமைத்தது, குளிசை எடுத்துக் கொடுத்தது எல்லாம் நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரிடமும் கைநீட்டவில்லை. இதையும் அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள்.

டிசம்பர் ஆறாம் தேதி பின்லாந்தின் சுதந்திர தினம். அன்று பின்னேரம் ஆறு மணிக்கு அந்த ஆட்கள் ஜன்னலில் இரண்டு மெழுகுதிரி கொளுத்தி வைப்பார்கள். ஏன் என்று கேட்டபோது ஐலி சொன்னார்: முந்தி ரஷ்யர்களுக்கு ஒளித்து ஓடுகிற பொடியன்மாருக்கு அது அடையாளமாம். இரண்டு வெளிச்சம் தெரிகிற வீட்டில் தட்டலாம், கதவு திறப்பார்கள், படுக்க இடம் கொடுப்பார்கள்.

இளவயதில் ஐலி நமீபியாவின் வடக்கே மருத்துவமாதுவாக வேலை பார்த்தவர். அங்கே சண்டை நடந்த காலம். ஒரு டிசம்பர் ஆறாம் தேதி ஊர் வழக்கப்படி மருந்துச்சாலை ஜன்னலில் இரண்டு மெழுகுதிரி வைத்திருக்கிறார். பட்டாளத்துக்குப் பயந்து காட்டுக்குள் கிடந்த ஒரு நிறைமாதக் கர்ப்பிணி அந்த வெளிச்சத்தைப் பார்த்து நடந்து வந்து சேர்ந்திருக்கிறாள். விடியமுன் பெண்குழந்தை பிறந்தது. அதற்கும் ஐலி என்றே பெயர் வைத்தார்கள். அங்கே ஒருவரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் இருவரும் ஒருவருக்கொருவர் ‘ம்புஷே’. இரத்த உறவு மாதிரி, அதைவிடவும் ஒரு படி மேலே.

அந்தச் சின்ன ஐலி இப்போது பக்கத்து நகரமான ஹமில்ரனில் நர்ஸ். ஒவ்வொரு டிசம்பர் ஆறுக்கும் நமீபியக் குடும்பங்கள் சிலவற்றைக் கூட்டிக்கொண்டு வருவார். பின்லாந்து ஆட்களும் வருவார்கள். ஐலிக்குத் தூரம் போக ஏலாது என்பதால் எங்கள் கட்டடத்தின் கீழ்மாடி மண்டபத்திலேயே இரண்டு நாட்டுக் கொடியையும் கட்டிக் கொண்டாடுவார்கள். நான் றோல்ஸ் சுட்டுக்கொண்டு போவேன். போன வருசம் கட்டடத்தைப் பராமரிக்கிற அகஸ்ரின், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பொடியன், கதிரை கொண்டுவந்து போட்டுவிட்டு என் காதுக்குள் கேட்டான்:

“அன்ரி, உந்தச் சனம் கொண்டாட்டத்துக்கு வந்ததோ, செத்தவீட்டுக்கு வந்ததோ? ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை.”

“பொறு, கறுத்த ஆக்கள் பாடத் தொடங்கினால் உன்ரை மண்டபம் இடியும்” என்றேன்.

சொன்னபடியே பாடினார்கள். நான்கூடக் கைதட்டினேன். பாட்டு முடிய சின்ன ஐலி எழுந்து, தன் வீட்டில் நிலமட்டத்தில் ஒரு அறை ஆயத்தம் என்றும், பனி கரைந்ததும் தன் ம்புஷேயைக் கூட்டிக்கொண்டு போய்க் கடைசிவரை பார்க்கப்போவதாகவும் சொன்னார். தன் தாய்க்குத் திறந்த கதவுக்குக் கைமாறாகத் தான் திறக்கிற கதவு என்றார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஐலி அழுதார். சந்தோசத்தில்தான். பிறகு என் கன்னத்தைத் தொட்டு, இனி நீயும் ஓய்வெடுக்கலாம் அருள் என்றார்.

ஓய்வு என்ற சொல்லை நான் கல்லறைகளில்தான் வாசித்திருக்கிறேன்.

அன்று மேலே வந்து எல்லா விளக்கையும் போட்டேன். போதவில்லை.

நான் யோசித்ததில் பிழை இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள். முதிர்ந்த மனுஷியைப் புது இடத்துக்குக் கொண்டுபோனால் தாங்குமா? சின்ன ஐலிக்கு வேலை. பகல் முழுக்க யார் பக்கத்தில் இருப்பது? ஐலிக்குச் சூப் எந்தச் சூட்டில் வேண்டும் என்று எனக்குத்தானே தெரியும். பனி கரைந்தபோது டொக்ரர் பயணம் வேண்டாம் என்றதாகச் சின்ன ஐலியிடம் சொன்னேன். டொக்ரர் அப்படிச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கோடை வந்தது, வெயில் கூடாது என்றேன்.

ஆனால் ஐலிக்குப் போகத்தான் ஆசை. பெட்டி அடுக்கத் தொடங்கினார். ஆகவே அவரைப் பயணத்துக்கு ஏலாதவர் ஆக்கவேண்டி வந்தது. அது கடினமான வேலை இல்லை. நித்திரைக் குளிசையை ஒன்றுக்கு இரண்டாகத் தூளாக்கிச் சூப்பில் கரைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டு, அவரோடு சேர்ந்து தேடி, அவர் கண்முன்னாலேயே கண்டெடுத்தேன். பகலில் திரையை மூடி, இரவாகிவிட்டது என்று படுக்கவைத்தேன். சில கிழமைகளிலேயே ஐலிக்குத் தன்மேலேயே பயம் வந்துவிட்டது. தனக்கு என்ன நடக்கிறது என்று கேட்டு என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். மகள், பயந்தவர்கள் எப்படிப் பிடிப்பார்கள் தெரியுமா? எலும்பு நோகும். வாழ்நாளில் ஒருவரும் என்னை அப்படிப் பிடித்ததில்லை. அந்த நாட்களில் எனக்குப் பின்னேரப் பயம் வரவே இல்லை.

ஒருநாள் நான் குளிசை தூளாக்குவதைக் குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டார். மெதுவாகத் திரும்பிப் போய்க் கட்டிலில் இருந்தார். அன்றிலிருந்து என் கையைப் பிடிக்கவில்லை. நான் முதலில் ஒரு வாய் உண்டால்தான் தானும் உண்டார். நானும் உண்டு காட்டினேன், கரைக்காத கோப்பையிலிருந்து. நான் அறைக்குள் போனால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்வார். வயதுபோனால் குளிர் கூடத்தான் செய்யும்.

போன் எடுக்க முயன்றார், ஆகவே போனை எடுத்து என் வீட்டில் வைத்தேன். வாசலில் நின்று கூப்பிடப் பார்த்தார், ஆகவே பிடித்து நடக்கிற வண்டியையும் காதுக்கு வைக்கிற மெஷினையும் எடுத்தேன். சின்ன ஐலி என்னைப் போனில் அழைத்தபோது, ஐலியை நகரத்துக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே தொற்று, இப்போதைக்கு யாரையும் விடமாட்டார்கள் என்றேன். அவர் அழுதார். எனக்கும் அழுகை வந்தது, அது நடிப்பு இல்லை.

அகஸ்ரின் ஒருநாள் லிஃப்ற்றுக்குள் கேட்டான்: “எங்கை அன்ரி உங்கட வெள்ளைக்காரி? கண்டு கனகாலம். ஒளிச்சு வைச்சிருக்கிறியளோ?”

“ஓம், அலுமாரிக்குள்ளை” என்றேன். இருவரும் சிரித்தோம். பிறகு அவனுக்கும் அந்தப் பராமரிப்பு இல்லக் கதையைச் சொன்னேன். சாமான் ஏற்ற ஆட்கள் வரும்வரை ஐலியின் வீட்டை நான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னேன். நம்பினான். கோயில் பூசையில் என் பக்கத்து வாங்குப் பலகையில் இருக்கிற பிள்ளை அவன், நம்பாமல் என்ன செய்வான்.

இப்படித்தான் இந்த டிசம்பர் ஆறு வந்தது. எத்தனையோ நாட்களாக வாய் திறக்காத ஐலி அன்று காலையில் மெழுகுதிரி கேட்டார். திரை மூடிய வீட்டில் அவருக்குத் திகதி எப்படித் தெரிந்ததோ, தெரியாது. நான் கல்நெஞ்சக்காரி இல்லை மகள். வேறு ஒருத்தி என்றால் மறுத்திருப்பாள். நான் நீலச் சட்டை போட்டுவிட்டு, தலை வாரி, நல்ல நாள் என்று காதுக்கு மெஷினும் வைத்துவிட்டேன். ஏலக்காய் பணிஸ் நானே வெதுப்பினேன். ஆறு மணிக்கு ஜன்னலில் இரண்டு மெழுகுதிரி கொளுத்தினேன். திரைச்சீலை பற்றிவிடும் என்று அதை முழுக்க ஒதுக்கிக் கட்டினேன்.

வீடு எவ்வளவு அழகாக இருந்தது. நாங்கள் இரண்டு பேர், இரண்டு வெளிச்சம். ஆனால் ஐலி வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கார் விடுகிற இடத்தில் பனிக்குள் ஒரு உருவம் தலையை நிமிர்த்தி எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றது. கையில் ஏதோ தட்டு. அடுத்த கணம் தட்டைக் கார் மேல் வைத்துவிட்டு வாசலை நோக்கி ஓடியது.

ஐலி இல்லாவிட்டாலும் அவர்கள் அதே மண்டபத்தில் கொண்டாடுவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. அது என் பிழை.

கதவு தட்டும் சத்தம் கேட்டபோது ஐலி வாயைத் திறந்தார். நான் பின்னால் நின்று கையால் பொத்தினேன். மன்னாரில் ஆமி வீடு வீடாக வந்த நாட்களில் ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே கிடந்திருக்கிறோம். தட்டினால் திறக்கக்கூடாது, மூச்சுக் காட்டக்கூடாது. அந்தப் பழைய பயத்தில்தான் பொத்தினேன் என்று நேற்று அதிகாரியிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அது பொய் என்று இப்போது சொல்லிவிடுங்கள்.

வெளியே அகஸ்ரினின் குரல் கேட்டது. “அன்ரி, உள்ளை நிக்கிறியளோ? ஜன்னலிலை மெழுகுதிரி எரியுதாம். நெருப்புப் பிடிச்சிடும், கதவைத் திறவுங்கோ.” கொஞ்சம் பொறுத்து, திறப்பு எடுத்து வருகிறேன் என்று யாரிடமோ சொல்லிவிட்டு நடந்தான். லிஃப்ற் இறங்கியது. எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். என் கைக்குள் ஐலி நடுங்கிக்கொண்டிருந்தார். நடுங்கட்டும், நான் பிடித்திருக்கிறேன்தானே என்று நினைத்தேன்.

அப்போது கதவோடு வாயை வைத்து யாரோ பேசுவது கேட்டது. உரத்த குரல் இல்லை. ஆங்கிலத்தில்தான், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல.

“ம்புஷே, நான் இஞ்சைதான் நிக்கிறன். போகமாட்டன்.”

மகள், அந்த நடுக்கம் நின்றுவிட்டது. மாதக்கணக்காக இருந்த பயம் அந்த ஒரு சொல்லில் ஐலியின் உடம்பைவிட்டுப் போனதை என் கை உணர்ந்தது. தோள் தளர்ந்தது. கண்ணீர் என் விரல்மேல் வழிந்தது. என் உள்ளங்கைக்குள் அவர் உதடு அசைந்தது. கத்தவில்லை, சிரித்தார். நான் அங்கே இருக்கிறேன் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

அதுவரை வாயை மட்டும்தான் பொத்தியிருந்தேன். அதன்பிறகு மூக்கையும் சேர்த்துப் பொத்தினேன். தெரியாமல் இல்லை, தெரிந்துதான். லிஃப்ற் மறுபடி மேலே வரும்வரை எடுக்கவில்லை. வந்தபிறகும் கொஞ்சநேரம் எடுக்கவில்லை. திறப்புப் போடுகிற சத்தம் கேட்டதும் மெழுகுதிரிகளை ஊதி அணைத்துவிட்டு, கலைந்த தலைமயிரைச் சீவிவிட்டேன். உள்ளே வந்தவர்களிடம் நித்திரையாகிவிட்டார் என்றேன்.

சின்ன ஐலி என்னைப் பார்த்த பார்வையை நான் குறை சொல்லமாட்டேன். பிந்தி வந்தவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் ஐலி தனியாகச் சாகவில்லை. கடைசி மூச்சுவரைக்கும் ஒரு கை அவர்மேல் இருந்தது. அதை மறக்காமல் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

களைத்துப்போனீர்கள், முகம் வெளிறிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சூடாக ஏதாவது குடியுங்கள். ஆண்டவர் உங்கள் வீட்டு நிலைப்படியைக் காக்கட்டும் மகள். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும், அடுப்பில் எந்நாளும் சோறு பொங்கட்டும். உங்கள் அம்மாவுக்கு வயதாகி, கால் நடக்க ஏலாமல், நீங்களும் பக்கத்தில் இல்லாத நாள் ஒன்று வந்தால், அவரை நேசிக்க என்னைப்போல ஒருத்தி எதிர்வீட்டில் இருக்கட்டும்.